ரோபோவுக்கு ஃபுல் மார்க் போட்ட பாய்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, எங்கள் பீங்கான் கம்பெனியின் ரோபோ, ஃபுல் மார்க் பாயின் வலது கை ஆள்காட்டி விரலை ஓர் இரும்புத் தூணோடு சேர்த்து நசுக்கியது. பதினொன்றரைக்கு அவர் உட்கார்ந்து, அதே ரோபோவுக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் போட்டார்.

விருத்தாசலத்தில் மட்டுமல்ல, இந்தப் பக்கம் சேத்தியாத்தோப்பு, அந்தப் பக்கம் திட்டக்குடி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், குறை சொல்லத் தெரியாத இப்படி இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லாத நாட்களில் எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவோம். பாய் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார். "பிரஷர் இருக்கறவங்கள நெனச்சி செஞ்சிருக்காங்க. யாருக்கு வரும் இந்த மனசு?" என்பார். பஸ் நடுவழியில் நின்றால், "டிரைவரு காலையிலேர்ந்து ஓட்டுறாரு, பாவம். பஸ்ஸே பாத்து நின்னுடுச்சி" என்பார். இடைவேளையில் பாதி தியேட்டர் எழுந்து ஓடிய ஒரு படத்தைக் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு வந்தார். எப்படி என்று கேட்டோம். "கால நீட்டி உக்கார எடம் கெடைச்சுதுங்க" என்றார்.

எங்கள் பேக்கிங் பிரிவு செல்வி, தன் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி இவரிடம் போய் விசாரித்தாள். மாப்பிள்ளை வீடு பாய் இருக்கும் தெருவில்தான். "தங்கமான புள்ள செல்வி. தண்ணி போட்டாகூட யாரையும் தொந்தரவு பண்ணாது. எந்த எடமோ அங்கியே படுத்துக்கும்" என்று மனதாரப் பாராட்டி அனுப்பினார். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லியும் ஏன் முறிந்தது என்று பாய் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் முதலாளி முதலில் தரம் பார்க்கும் பிரிவில் போட்டிருந்தார். ஆறு மாதத்தில் பாய் ஒரு டீ கப்பைக்கூடக் கழிக்கவில்லை. கைப்பிடி கோணலாக இருந்தால், "இதுவும் ஒரு டிசைனுதான்." அடிப்பாகம் சாய்ந்திருந்தால், "கடைசி சொட்டு வரைக்கும் குடிக்கலாம்." முதலாளி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, சூளைக்குள் போகும் தள்ளுவண்டியில் சுடாத கப்புகளை அடுக்கும் வேலைக்கு மாற்றினார். ரோபோ வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

அதைக் கொண்டுவந்தது என் மகள். பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனாலும் இன்றுவரை எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அவள் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய கல்லூரி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, எங்கள் கம்பெனி மூன்றும் கூட்டுச் சேர்ந்த திட்டம் அது. தொழிற்சாலையில் மனிதனும் ரோபோவும் தோளோடு தோள் நின்று எப்படி வேலை செய்வது என்பதே ஆராய்ச்சி. நிதி கொடுக்கிற அமைப்பு, முதல் கட்டம் முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்க்கும். அவர்களுக்குத் திருப்தியானால்தான் இரண்டாம் கட்ட நிதி. இல்லையென்றால் என் மகளின் படிப்பு நடுவில் நின்றுவிடும்.

ரோபோ என்றால் தலை, கால் எல்லாம் கிடையாது. தரையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒற்றைக் கை, அவ்வளவுதான். பலகையிலிருந்து கப்பை எடுத்து நீட்டும், பாய் வாங்கி வண்டியில் அடுக்குவார். குறுக்கே எது தட்டுப்பட்டாலும் உடனே அசையாமல் நின்றுவிட வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். மற்றவர்கள் அதை 'ஒத்தைக்கை' என்றார்கள். பாய் மட்டும் 'தம்பி' என்றார். காலையில் வந்ததும், "என்னா தம்பி, நேத்து வேல ஜாஸ்தியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றி மாட்டுவார்.

வேலை செய்கிறவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ரோபோவின் பக்கத்தில் நிற்கப் பயமாக இருந்ததா, அது நீட்டும் வேகம் சரியா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க். பாய் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். அவர் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் ஐந்து போட்டார்கள். "பெரியவரு அஞ்சு போட்டிருக்காரு. நாம மூணு போட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் செல்வி, ரோபோ இருக்கும் பக்கமே போகாதவள். இத்தனை சந்தோஷமான தொழிற்சாலையைத் தாம் எங்கேயும் பார்த்ததில்லை என்று வெளிநாட்டுப் பேராசிரியர் வீடியோவில் சொன்னார். அது பாராட்டு அல்ல என்று என் மகளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அந்தப் பதினொன்று பத்துக்கு நான் லோடிங் பகுதியில் ஒரு லிஸ்டோடு நின்றிருந்தேன். ரோபோ நீட்டிய கப் லேசாகச் சாய்ந்தது. பாய் அதை நிமிர்த்த விரலை நீட்டினார். விரல், ரோபோவின் இடுக்கிப் பிடிக்கும், வண்டியின் இரும்புத் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தபடியே ரோபோ உடனே நின்றது. எப்படி நின்றது? விரலை நசுக்கியபடியே நின்றது. நான் அலறினேன்.

"கத்தாதீங்க மேடம். அதுவே பயந்துபோயி நிக்குது" என்றார் பாய். முகமெல்லாம் வியர்வை.

இரண்டு பேர் ஓடிவந்து வண்டியைப் பின்னால் தள்ளியபோது விரல் வெளியே வந்தது. இன்னொரு கையில் அவர் அந்தக் கப்பைப் பத்திரமாகப் பிடித்திருந்தார். "கப்பு ஒடையல பாத்தீங்களா?" என்றார். முதலுதவிப் பெட்டியை எடுத்துக் கட்டுப் போட்டவள் நான்தான். "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். அடுத்த வாரம் பெரியவங்கள்லாம் பாக்க வராங்களாம்" என்றார்.

நான் சொல்லவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மனிதரின் விரல் கறுத்துக்கொண்டிருக்கிறது. நான் என் பெண்ணின் இரண்டாம் கட்ட நிதியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே கண்டுபிடித்தாள். அந்த வாரத்துப் படிவத்தில் பாய் போட்ட டிக்குகள் மட்டும் எறும்பு ஊர்ந்தது போல இருந்தன. ரோபோவின் பதிவைத் திறந்து பார்த்தாள். செவ்வாய், பதினொன்று பத்து: தடை தட்டுப்பட்டது, சரியாக நின்றேன் என்று எழுதி வைத்திருந்தது. அதுவும் தனக்கு ஃபுல் மார்க் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, செவ்வாக்கெழம என்னா நடந்துச்சி?"

சொன்னேன். "நீயும் அஞ்சு போட்டுட்டியாம்மா?" என்றாள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலமே பாய் வீட்டுக்குப் போனோம். விரலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தபடி வரவேற்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "கதவுல மாட்டிக்கிச்சின்னு சொல்றாரு மேடம். எந்தக் கதவுன்னு கேட்டேன். 'நல்ல கதவுதான்'ங்கிறாரு. முப்பது வருசமா இந்த மனுசங்கிட்ட கொழம்பு எப்பிடின்னு நான் கேக்கறதே இல்ல."

என் மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "மாமா, அன்னிக்கு நடந்தத அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். நின்னதுக்கப்புறமும் புடிய வுடலன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

பாய் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சவூதியில கேம்ப்புல இருந்தேன் பாப்பா. மாசத்துக்கு ஒருக்கா இதே மாதிரி பேப்பரு குடுப்பாங்க, சாப்பாடு எப்பிடி இருக்குதுன்னு. ஒரு தடவ, சோறு வேகலன்னு எழுதிட்டேன். நெசமாவே வேகல. மறுவாரமே அந்த சமையக்காரன ஃப்ளைட்டு ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. போறப்ப எல்லாருக்கும் கை குடுத்தான். எனக்கும் குடுத்தான். எழுதுனது நான்தான்னு அவனுக்குத் தெரியாது."

"அது மனுசன் மாமா. இது வெறும் மெஷினு."

"மெஷினு சரி. மார்க்கு கொறஞ்சா மெஷினயா அனுப்புவாங்க? உன்னையில்ல அனுப்புவாங்க?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "அனுப்பினா அனுப்பட்டும் மாமா. நாளைக்கு அது செல்வி அக்கா கையப் புடிச்சிக்கிட்டு நின்னா என்னா பண்றது?" என்றாள். பாய் அவள் டம்ளரைப் பார்த்தார். "டீ நல்லாருக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

இதெல்லாம் பழைய கதை. பாய் இப்போது ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருக்கிறார். கேன்டீனில் யாராவது தட்டைத் தள்ளினால், அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்து சாம்பாரைக் காப்பாற்றும் என்று இன்னமும் ஒரு கணம் காத்திருக்கிறேன். வருவதில்லை. சாம்பார் கெட்டதாகவே இருந்துவிடுகிறது. என் மகள் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். சாப்பாடு? "நல்லாருக்கும்மா." குளிர்? "ஒண்ணும் தெரியலம்மா." கூட இருக்கிறவர்கள்? "ரொம்ப நல்லவங்கம்மா." எல்லாவற்றுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது பாயின் ஞாபகம்தான் வருகிறது. அவர் விரலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தது போல இவள் எதை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்? ஒரே ஒரு நாள், சோறு வேகலம்மா என்று சொல்ல மாட்டாளா என்றிருக்கிறது.

பாய் வீட்டுக்குப் போன மறுவாரம், நிதி கொடுக்கிற அமைப்பிலிருந்து பார்வையிட வந்தவர்கள் மூன்று பேர். தலைமை, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மழை, புயல், கடையடைப்பு எதற்கும் லீவு போடாத பாய் அன்றைக்கு வரவில்லை. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "அவருக்கு மேலுக்கு முடியலங்க" என்றார். முதலாளியிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை, அவராகச் சொன்னதுதான்.

என் மகள் ஐந்து ஐந்தாக இருந்த படிவங்களை மேசைமேல் வைத்தாள். "இந்த மார்க்கை நம்பி இந்த ரோபோவை எங்கேயும் நிறுத்தக்கூடாது" என்று தானே ஆரம்பித்து, நடந்ததைச் சொன்னாள். எங்கள் முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அடிபட்டவர் ஐந்து போட்டிருக்கிறாரே?" என்றார் கண்ணாடி அம்மாள். "ரோபோவும் சரியாக நின்றதாகத்தான் பதிவு இருக்கிறது. யாராவது பார்த்தீர்களா?"

பார்த்தவர்கள் எல்லாம் பாயின் படிவத்தைப் பார்த்து ஐந்து போட்டவர்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் முன்னால் வந்தேன். "நான் பார்த்தேன்" என்றேன்.

"நீங்கள்?"

"இவளுடைய அம்மா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். படிவங்களை அடுக்கி ஃபைலில் வைக்க ஆரம்பித்தார்கள். என் மகள் ரோபோவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பிள்ளை மாதிரி.

பன்னிரண்டு இருபதுக்கு வாசலில் நிழல் தட்டியது. பாய். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். காலை ஒன்பதிலிருந்து கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஆறு டீ குடித்தார் என்று வாட்ச்மேன் பிற்பாடு சொன்னார். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராக ரோபோவிடம் போனார். அதன் இரும்புத் தோளில் கை வைத்து, "தப்பா நெனச்சிக்காத தம்பி" என்றார். பிறகு கட்டைப் பிரித்து, நகம் கறுத்து வீங்கிய விரலைக் கண்ணாடி அம்மாளின் முன்னால் நீட்டினார்.

"நல்ல புள்ளதாங்க. நில்லுன்னா நிக்குது. ஆனா நிக்கிறப்ப புடிச்சத வுட மாட்டேங்குது. ரொம்ப வலிச்சுதுங்க. அஞ்சுக்கு ரெண்டுதான் போட முடியும்." ஒரு கணம் என் மகளைப் பார்த்துவிட்டு, அவசரமாக இன்னொன்றும் சொன்னார்: "எழுதிக்கிங்க. ஆனா யாரையும் வூட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."