ஆடாத லென்ஸும் நிற்காத ஆட்களும்

மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிற அத்தனை தோட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு ஊரையே ஓட வைக்கிற சக்தி ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. எண்ணெய் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தபோது ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. மேனேஜர் கத்தினாலும் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே நிற்கும். ஆனால் ‘கேமரா எமன்’ தெருமுனையில் தலையைக் காட்டினால் போதும், அடுப்பில் குழம்பு பொங்கினாலும் சரி, கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான் அங்கே கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, சில வருஷம் குப்பை கொட்டியவன். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி ஒருவர்கூட அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் சிங்கப்பூரில். லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் அவரும் அவருடைய கேமராவும் மட்டும்தான்.

பட்டப்பெயர் வந்த கதையைக் கேளுங்கள். கோயில் திருவிழாவில் வேலையாட்களை மேய்த்த ஒரு பழைய மண்டோரைப் படம் எடுத்தார். மறுவாரமே மண்டோர் போய்ச் சேர்ந்தார், அந்தப் படத்துக்கே மாலை போட்டார்கள். மனுஷனுக்குச் சர்க்கரை, பிரஷர், போதாக்குறைக்கு எண்பதைத் தாண்டிய வயது. அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்? அடுத்து வாட்ச்மேனை எடுத்தார், அவரும் கிளம்பிவிட்டார். மூன்றாவதாக, முனியாண்டி பூசைக்குக் கட்டி வைத்திருந்த ஆட்டை எடுத்தார். சாயங்காலமே ஆடு காலி. எப்படியும் அது காலிதான் என்றாலும், அந்தப் பழியும் இவர் தலையிலேயே விழுந்தது.

அதற்குப் பிறகு ஒருத்தரும் அவர் முன்னால் நிற்கவில்லை. “ஐயோ, வேணாம் லா! நான் இன்னும் ரெண்டு பிள்ளைங்களக் கரையேத்தணும்!” என்று கத்திக்கொண்டே ஒரு அக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக் கால்வாயைத் தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் சிரம்பான் டவுனுக்குப் போய் நீளமான ஸூம் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். நேராக ஆபீசுக்கு வந்து, தெர்மோஸ் பிளாஸ்க் மாதிரி என் மேசையில் நிறுத்தி வைத்தார்.

“தம்பி, இது கை ஆடினாலும் ஆடாது லா!”

லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து அவர் கை எப்போதும் நடுங்கும். தேநீர் கொடுத்தால் பாதி தட்டில்தான் இருக்கும். லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கொடுத்தார், நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பட்டனைப் பாதி அழுத்தியதும் உள்ளே ‘உர்ர்’ என்று மெல்லிய சத்தம். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த காட்சி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுவிட்டது. வளையத்தைத் திருகினால் தொலைவில் மில் வாசலில் நிற்கிற லாரியின் நம்பர்கூடத் தெரிந்தது. கனம்தான் தாங்க முடியவில்லை. கழுத்தில் மாட்டினால் நாலு தேங்காயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

“இனிமே நான் கிட்டப் போக வேணாம் பாரு,” என்றார் சந்தோஷமாக. “தூரத்துல நின்னே எடுத்துடலாம். அவங்களுக்கும் பயம் இருக்காது.”

பாவம், நினைத்ததற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. முன்பெல்லாம் அவர் பக்கத்தில் வந்தால்தான் ஆபத்து. இப்போது மொத்தத் தோட்டமும் ரேஞ்சுக்குள் வந்துவிட்டது! பெண்கள் வெயில் இல்லாதபோதும் குடை பிடித்தார்கள். மோட்டார் பைக்கில் வந்த பையன்கள் கோயிலுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. “மச்சான், எமன் இப்ப ரிமோட்டுல வேலை பாக்குறாரு லா!” என்று சாப்பாட்டுக் கடையில் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

எனக்குச் சிரம்பான் பக்கம் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். சுவர் முழுக்கப் பெரிது பெரிதாகப் படங்கள். ஒவ்வொன்றிலும் செம்பனை மரம் முள் முள்ளாகத் தெரிகிறது. நடுவில் சேலை நிறத்திலோ சட்டை நிறத்திலோ ஒரு தீற்றல்.

“இது யாருண்ணே?”

“சூப்பர்வைசரு. ஓடும்போது எடுத்தது.”

“இது?”

“அவரு சம்சாரம். அவருக்கு முன்னாடி ஓடுது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“லென்ஸ் மேல தப்பு இல்ல தம்பி. என் கை ஆட்டத்த அது நிறுத்திடுது. ஓடுற ஆள நிறுத்த அதால முடியல.” கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். “ஒரே ஒரு ஆளு நின்னு என்னப் பாத்தா போதும் லா. இந்த வீட்டுல என்னப் பாக்குறதுக்கு ஒரு மூஞ்சி இல்ல.”

எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. “என்னை எடுங்கண்ணே.”

“வேணாம் தம்பி,” என்று பதறினார். “உனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு.”

“அட, நீங்களுமா நம்புறீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் கேமராவைத் தூக்கினார். லென்ஸ் முன்னும் பின்னும் சர் சர்ரென்று ஓடிப் பார்த்தது, என் முகம் மட்டும் பிடிபடவில்லை.

“இது ரொம்பக் கிட்ட இருக்கிறவங்களப் புடிக்காது தம்பி,” என்று அசடு வழிந்தார். பின்னால் நகர்ந்தார். சின்ன வீடு, முதுகு சுவரில் இடித்தது. வாசலுக்குப் போனார். முழு முகமும் வரவேண்டுமாம், அதனால் கால்வாயைத் தாண்டி, செம்பனை மரத்தடிக்கே போய்விட்டார். அங்கிருந்து, “நகராத தம்பீ!” என்று கத்தினார்.

நான் வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். காலில் எறும்பு கடித்தது. நகரவே இல்லை.

வெகுநேரமாகியும் ஆள் திரும்பி வராததால் நானே எழுந்து போனேன். மரத்தடியில் குந்தி, கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணு தெரியுது தம்பி. நேரா என்னத்தான் பாக்குற,” என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இன்னொரு பிரதி இப்போது நாங்கள் குடிவந்த பாரோயில் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. என் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது, வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போடுகிறாள். ஞாயிறு காலையில் நான் அவருக்குப் போன் செய்வேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார்.

“அண்ணே, இன்னும் இருக்கேன் லா.”

“இருக்கியா தம்பி? இருப்பா, இரு.”

அதற்குமேல் பேச எங்களுக்கு ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் போனை வைக்கவும் மாட்டோம்.