ஃபாரின் பார்ட்டி ரேட்டு

“நீங்க சொன்ன மாதிரியே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு எழுந்து வந்துட்டோம்ப்பா. வெளிய பஸ் ஸ்டாப்புல அரை மணி நேரம் நின்னோம்.”

“கூப்ட்டானா?”

“கூப்பிடல. எங்களுக்குப் பின்னாடி வந்தவங்க அந்த வீட்ட முடிச்சிட்டாங்க.”

அமல்ராஜ் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். கொரட்டூரில் இருபத்தாறு வருஷமாக வீட்டுப் புரோக்கர். விலை படியவில்லை என்று எழுந்து நடந்தால் தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். அவர் அனுபவத்தில் வராமல் போனதே இல்லை. அயர்லாந்தில் வரவில்லை.

மகள் ரெனிதா அங்கே நர்ஸ். அவளும் புருஷனும் மூன்று வருஷமாக வீடு தேடுகிறார்கள். கைக்கு வந்த ஒன்றும் அப்பா பேச்சைக் கேட்டதில் போயிற்று.

“நம்ம மூஞ்சியப் பாத்ததுமே ஏத்திருப்பான்ம்மா. ஃபாரின் பார்ட்டின்னா எந்த ஊர்லயும் தனி ரேட்டுதான்.”

“இல்லப்பா, இங்க எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்.”

“எனக்கே சொல்றியா?”

அவருக்குச் சொல்லத் தேவையில்லைதான். கூப்பிடுகிற நம்பர் பிளஸ் தொண்ணூற்றொன்றில் தொடங்கவில்லை என்றால் கொரட்டூர் புரோக்கர்கள் வாயிலிருந்து வருகிற விலையே வேறு. அமல்ராஜ் மட்டும் அப்படிச் செய்ததில்லை. அப்பா நேர்மையானவர் என்று ரெனிதா நம்பினாள். அப்படிப்பட்ட பார்ட்டி அவருக்கு இதுவரை வாய்க்கவில்லை என்பதுதான் நிஜம்.

“அடுத்த வீடு வந்தா விட்றாதே. எவ்ளோ கொறையுதோ சொல்லு, மூணு லட்சம் வரைக்கும் அப்பா தரேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“எங்கேர்ந்து தருவே?” என்று கேட்டாள் தெரசா. வாடகை மாடி வீட்டின் குறுகலான படியில் தண்ணீர்க் குடத்தோடு பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் வீடு முடித்துக் கொடுத்தவரின் மனைவி. அவள் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் அவர் இறங்கிப் போய்க் குடத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரமே ஆவடியிலிருந்து ஜோஸ் என்று ஒருவன் வந்தான். கிஷோரின் ஃபிளாட்டைப் பார்க்க வேண்டும் என்றான். கிஷோர் ஐ.டி.க்காரன், பெங்களூருக்குப் போகிறான். ‘என் கைக்கு அறுபது லட்சம் வந்தா போதும் சார், மேல வர்றது உங்க சாமர்த்தியம்’ என்று சொல்லி அமல்ராஜிடம் சாவியைக் கொடுத்திருந்தான்.

“வாங்கறது யாருப்பா?”

“பார்ட்டி ஃபாரின்ல கீறாங்க அண்ணாத்தே. பேரு இப்ப வேணாம். சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா கடன் கேட்டு க்யூ கட்டுவாங்க.”

அமல்ராஜ் மனசுக்குள் அறுபதோடு மூன்றைக் கூட்டினார்.

“அறுபத்துமூணு” என்றார்.

ஜோஸ் போனில் தட்டினான். இரண்டே நிமிஷம். “சரின்றாங்க.”

இவ்வளவு சீக்கிரம் சரி என்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் மகளுக்குச் சொன்ன மூன்று வந்தாயிற்று. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் லிஃப்டில் கிஷோரைப் பார்த்த ஜோஸ், “அறுபத்துமூணுக்கு நல்ல ஊடு சார்” என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். பத்தாவது நிமிஷம் கிஷோர் கூப்பிட்டான்.

“சார், என் கைக்கு அறுபத்துமூணு வரணும்.”

மகளின் மூன்று லட்சம் போயிற்று. அதைத் திரும்பப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. அமல்ராஜ் ஜோஸைக் கூப்பிட்டு அறுபத்தாறு என்றார்.

“போன மாசம் இதே பில்டிங்ல கீழ் ஃபிளாட்டு அம்பத்தெட்டுக்குப் போச்சாமே அண்ணாத்தே?”

“அதுல ஏரி தெரியாது.”

“இதுல தெரியுமா?”

“தெரியும்.”

“பார்ட்டி போட்டோ கேக்கறாங்க.”

ஐம்பத்தெட்டு வயசில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்து, ஒரு காலைக் குழாயில் வைத்து ஏறினார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரத் துண்டுபோல ஏரி மினுங்கியது. எடுத்து அனுப்பினார். இறங்கும்போது சட்டை கிழிந்தது.

மாலையில் ஜோஸ் வந்தான். “ஏரி இவ்ளோ கிட்டயா, மழைக்குத் தண்ணி உள்ள வருமான்னு பார்ட்டி பயப்படறாங்க.”

“சே, ஏரி ரொம்ப தூரம்ப்பா.”

“தூரம்னா அப்புறம் எதுக்கு மூணு லட்சம் ஜாஸ்தி?”

அமல்ராஜ் கிழிந்த சட்டையைத் தடவிக்கொண்டார். “கண்ணுக்குக் கிட்ட, காலுக்குத் தூரம். அப்படிச் சொல்லு” என்றார். எந்த ஜென்மத்துப் பாவமோ இந்தத் தொழில் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரெனிதா கூப்பிட்டாள்.

“அப்பா, ஒரு வீடு பாத்திருக்கோம். எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா நாங்க சரின்னதும் விலைய ஏத்திட்டாங்க. நாங்க வெளியூர்ல இருந்து வாங்கறவங்கன்றதால இப்படியா? இது ஞாயமாப்பா?”

“ஞாயமா? பகல் கொள்ளம்மா இது.” அவர் உண்மையிலேயே ஆத்திரப்பட்டார்.

“ஓனர்தான் ஏத்தறாரு போல. புரோக்கர் நல்லவருதான்.”

“புரோக்கர நம்பாதே. ஏத்தறதே அவன்தான். நடுவுல உக்காந்துகினு லட்சக்கணக்குல அமுக்குவான். அவனெல்லாம் வெளங்குவானா?”

அமல்ராஜ் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“ஹலோ, கீறியாம்மா?”

“இருக்கேன்ப்பா. அப்போ விட்டுடவா?”

பஸ் ஸ்டாப்பில் நின்ற மகள் அவர் கண்முன் வந்தாள். இன்னொரு முறை அவளை அங்கே நிறுத்த அவருக்குத் தெம்பில்லை. “வேணாம்மா. புடிச்சிருந்தா கேக்கறதக் குடுத்து முடிச்சிடு. மூணு லட்சம் அப்பா அனுப்பறேன், கவலப்படாதே.”

“சரிப்பா” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

போனை வைத்தபிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது. பேர் தெரியாத அந்த பார்ட்டியும் எங்கோ எவனுடைய பிள்ளையோ. மூன்றைக் குறைத்துவிடலாம் என்று ஜோஸைக் கூப்பிடப் போனார். அதற்குள் அவனே கூப்பிட்டான்.

“அறுபத்தாறுக்கு ஓகே சொல்லிட்டாங்க அண்ணாத்தே.”

அமல்ராஜ் வாயைத் திறந்தார். ரெனிதாவை நினைத்து மூடிக்கொண்டார்.

பதிவு நாளன்று அம்பத்தூரில் பத்திரம் எழுதுகிற கடையில் கிஷோரும் ஜோஸும் அமல்ராஜும் உட்கார்ந்திருந்தார்கள். தெரசாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தான் ஜோஸ். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். வாங்குகிறவர் விவரங்களை அவனே முதல்நாள் கொடுத்திருந்தான். தெரசா ஃபேனுக்கு அடியில் முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். கமிஷன் கைக்கு வந்ததும் நேராக பேங்குக்குப் போய் மகளுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அமல்ராஜ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜோஸ் எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, பார்ட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

டைப் அடிக்கிற தேவிப்பிரியா அச்சான தாள்களை அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“புரோக்கர் சார், விக்கிறவரு வந்துட்டாரு. வாங்கறவரு பேரு அமல்ராஜ், கொரட்டூர்னு கீது. கைரேகை வெக்கணும், அவரு எப்ப வருவாரு?”