வாழைநாரில் கட்டிய குழாய்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனைக் கண்டு, அந்த வீட்டு மனிதர்களைவிட வீட்டுச் சாமான்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும். மனிதர்கள் ஓடிவிடலாம். எங்கள் வீட்டில் ஓட முடியாமல் அகப்பட்டுக்கொண்டது ஒரு லாரி. (லாரி ஓடும்தான். நான் கை வைக்கிற வரை நன்றாகவே ஓடியது.)

அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வாங்கிய பழைய வண்டி அது. பெரியப்பா பொன்முடியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் ஓட்டினார். பெரியம்மை எங்களோடு சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால், சந்து வீட்டில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்பா மலைக்கு அரிசி ஏற்றிப் போவார், மலையிலிருந்து தேயிலைப் பெட்டி இறக்குவார். அண்ணன் தம்பி இருவருக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். என்னை லாரியில் கிளீனராக ஏற்றிவிட அப்பா நினைத்தபோது பெரியப்பா குறுக்கே நின்றார். "இவன் படிக்கட்டும்லே. வண்டிக்கு அடியில கிடக்க நாம ரெண்டு பேரு போதும்." ஆகவே நான் படித்தேன். படித்து முடித்ததும் வண்டிக்கு அடியில் போனேன்.

போனதற்குக் காரணம் உண்டு. ஆயில் மாற்றுவதென்றால் அப்பா மல்லாந்து படுத்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின் திருகை ஸ்பானரால் கழற்றுவார். கடைசிச் சுற்றில் திருகு கையை விட்டு நழுவும். சுடுகிற ஆயில் பின்னாலேயே இறங்கி முழங்கை வரை ஓடும். அவர் வலக்கையில் மயிர் முளைத்து நான் பார்த்ததில்லை. இந்தச் சமயத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் படம் ஒன்றைப் பார்த்துவிட்டேன். திருகு இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் குழாய். கைப்பிடியைத் திருப்பினால் ஆயில் தானாக இறங்கும். ஸ்பானர் வேண்டாம், கையும் வேகாது.

சாலையில் பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளைக் குழாயைப் பிடித்தேன். பட்டறையில் மரை வெட்டி வாங்கி நானே மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பா குனிந்து பார்த்தார். கைப்பிடியை ஒரு விரலால் தொட்டார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். (நான் பரீட்சையில் தேறியபோது இதைக்கூடச் சொல்லவில்லை.)

ஒரே ஒரு குறை. கைப்பிடி மேல்நோக்கி நின்றால் அடைப்பு; கீழே தொங்கினால் திறப்பு. படத்தில் இருந்த குழாய்க்கு அதைப் பிடித்து நிறுத்த ஒரு பூட்டு உண்டு, என்னுடையதற்குக் கிடையாது. கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் கெட்டவன் இல்லை நான். குழாயை மாட்டி முடித்தபோது சாயங்காலம், துர்காஷ்டமி. கம்பி எடுக்க உள்ளே போனால் அம்மா வீட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் பூஜையில் வைத்துப் பொட்டும் வைத்துவிட்டாள்.

"அம்மா, குறடு வேணும். கம்பியும்."

"அது சாமிகிட்ட இருக்கு. தசமிக்குக் காலம்பற எடுக்கலாம்."

"ஒரு நிமிஷம் எடுத்துட்டுத் திரும்ப வெச்சிருதேன்."

"படிச்ச பய பேசுத பேச்சாலே இது?"

லாரிக்கும் அன்று மாலை மரியாதை நடந்திருந்தது. முன்னால் ஒரு செவ்வந்தி மாலை, விளக்குகளுக்கு இரண்டு. மிச்சம் ஒரு முழம் என் கையில் இருந்தது. வாழைநாரில் தொடுத்த பூ. அதைக் கைப்பிடியில் சுற்றி, மேலே வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். வண்டி தசமி வரை நகரப்போவதில்லையே. புதுக் குழாய்க்குப் பூஜையும் ஆயிற்று, பூட்டும் ஆயிற்று. பக்தியையும் விஞ்ஞானத்தையும் ஒரே முடிச்சில் கட்டியவன் திருவிதாங்கூரில் நான் ஒருவன்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அதில் சந்தேகமில்லை.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. அன்று காலையில் பெரியப்பா என்ஜின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

விடியுமுன் கிளம்பினோம். "மாலையெல்லாம் அவுத்துப் போடு" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். முன்னால் இருந்ததையும் விளக்குகளில் இருந்ததையும் அவிழ்த்தேன். அடியில் இருந்ததை விட்டுவிட்டேன், அது மாலையல்ல, பூட்டு. வேறு எதைக் கொண்டு கட்டுவது? வீட்டுக்குத் தீட்டு வந்துவிட்டது. இனி அடுத்த வீட்டார் வந்துதான் பூஜையைப் பிரிக்க வேண்டும். ஸ்பானர், குறடு, கம்பி எல்லாம் குங்குமப் பொட்டோடு சாமிக்கு முன்னால் இருக்க, நாங்கள் வெறுங்கையோடு மலை ஏறினோம்.

நார் மலை ஏறும்போதும் பிடித்தது. பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கும்போதும் பிடித்தது. அன்று இருட்டுமுன் அவர் சாலை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இருட்டினால் சுடுகாட்டுக்கு எடுக்க மாட்டார்கள், இன்னொரு நாள் உடம்பு தாங்காது. பெரியம்மை முகம் பார்க்க வேண்டும். பிள்ளை இல்லாத அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

நெடுமங்காட்டில் சந்தைப் பக்கம் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

"வண்டிக்கு அடியில ஆடு நிக்கி. ஓட்டி விடு" என்றார் அப்பா.

விரட்டினேன். வெளியே வந்த ஆட்டின் வாயில் ஒரு செவ்வந்திப் பூ. பெரியப்பாவுக்கு எஸ்டேட்டில் போட்ட மாலையிலிருந்து உதிர்ந்தது போலிருக்கிறது, செத்த பிறகும் மனிதர் ஒரு ஜீவனுக்குத் தீனி போடுகிறார் என்று எனக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

கரகுளம் வருமுன் என்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. அப்பா மிதியிலிருந்து காலை எடுப்பதற்குள் ஒரேயடியாக நின்றுவிட்டது. அடியில் புகுந்து பார்த்தேன். கைப்பிடி பாதி இறங்கி நின்றது. நாரின் நுனி மட்டும், சப்பிய வெற்றிலை போல, சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கைப்பிடியை மேலே தள்ளுகிறேன் என்று இன்னும் ஆட்டிவிட்டேன். தொட்டியில் மிச்சமிருந்த ஆயில் என் தலையில் இறங்கியது.

வெளியே வந்தேன். அப்பா கேட்டார்.

"எதால கெட்டியிருந்த?"

"நாரால."

"கம்பிக்கு என்ன?"

"சாமிகிட்ட இருக்கு."

அவர் லாரியின் பின்பக்கம் போய், துணி மூடிக் கிடந்தவரிடம் பேசினார். "அண்ணே, நீரு படிக்க வெச்ச பய சொல்லுததைக் கேட்டீரா."

யுத்தக் காலம். பஸ்ஸே அபூர்வம். வெகுநேரம் கழித்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. சாலைச் சந்தைக்குப் போகிறது.

"உங்க லாரியில எந்தா லோடு?" என்றார் வண்டிக்காரர்.

"எங்க அண்ணன்" என்றார் அப்பா.

வண்டிக்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சவம் ஏத்தினா காளை பேடிக்காது. பக்ஷே, என்டெ கிழங்கு?"

"என் வண்டியில ஏத்து. நீ திரும்பி வரது வரைக்கும் நான் காவல்."

"நான் இருக்கேன் அப்பா, நீங்க போங்க" என்றேன்.

"கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. போலே."

கிழங்கை லாரிக்கு மாற்றி, பெரியப்பாவை வண்டிக்கு மாற்றினோம். அப்பா அண்ணனின் பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போய்க் கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். வண்டி வளைவு திரும்புகிற வரை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்துக்குள் நுழையும்போது சாயங்கால வெயில் வீட்டு ஓட்டின் மேலே ஏறிவிட்டது. மோட்டார் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கூட்டமாக நின்றவர்கள், மாட்டு மணியைக் கேட்டு வழி விடாமலே நின்றார்கள். பெரியம்மை வண்டியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "மாட்டு வண்டியில ஏற மாட்டேன்னு நம்ம கல்யாணத்துக்கே நடந்து வந்த மனுஷன்லா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அடுத்து என்னைப் பார்த்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. தலையில் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியது. ஆயில் போக மண்ணெண்ணெய்தான் நல்லது என்று ஒரு குரல் யோசனை சொன்னது. (என் குரல்தான்.) கிடைக்காத காலத்தில் அடுத்த வீட்டுக்காரர் அரைப் போத்தல் கொடுத்தார். அதைத் தேய்த்துக் குளித்து, ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டியைத் தூக்கத் தயாரானபோதுதான் மாமா மோந்து பார்த்தார்.

"இவன் கையில தீயக் குடுத்தா ஒரே செலவுல ரெண்டு காரியம் முடிஞ்சிரும்" என்றார்.

ஆகவே சட்டியை மாமா சுமந்தார். சுடுகாட்டில் நீளக் கம்பு ஒன்றின் நுனியில் தீயை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட நின்று வைத்தேன். எனக்குப் பின்னால் நனைத்த சாக்கோடு இரண்டு பேர் நின்றார்கள். என்னைப் படிக்கவைத்தவருக்கு நான் செய்த கடைசி மரியாதை அது. சூரியன் விழுமுன் முடிந்தது, அதுவரைக்கும் நல்லது.

மறுநாள் லாரியைக் காளைகள் இழுத்து வந்தன. அப்பா இறங்கியதும் கேட்டது ஒன்றே ஒன்று. "நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

பழைய திருகு மறுபடி ஏறியது. குழாயைப் பெரியம்மை கேட்டு வாங்கிப் புழக்கடைத் தண்ணீர் டிரம்மில் வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து நான் ஆணி அடித்தாலும் கொடி கட்டினாலும், "நாரா, கம்பியா?" என்று அவள் கேட்காமல் விடுவதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். பெரியம்மை பந்தலுக்கு வரமாட்டேன் என்று அடுக்களை வாசலோடு நின்றுகொண்டாள். மேளம் உச்சத்தில். தாலியை எடுத்துக் குனிந்தேன். அப்போது அடுக்களைப் பக்கமிருந்து அவள் குரல், மேளத்தையும் தாண்டி:

"இறுக்கி முடிச்சுப் போடுலே. ஆடு நிக்கி."

பந்தலே சிரித்தது. நான் முடிச்சை இழுத்து இறுக்கினேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது அப்பா எழுந்து போகவில்லை. மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். சிரிப்பா, அழுகையா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து பக்கத்தில் உட்காரவைத்த பிறகு, என் மனைவி என்னிடம் முதன்முதலாக வாய் திறந்து பேசினாள்.

"எந்த ஆடு?"