முனியாண்டிக்கு நேர்ந்த பேஷண்ட்

ஜொகூர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தால்கூட, கொஞ்சம் பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றினால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோட்டத்து ஆசுபத்திரியில் கட்டுப் போட்டு மருந்தும் கொடுக்கிற டிரெசர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. துரை முதல் கூலி லயத்துப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவர் ‘கட்டு டிரெசர்’தான்.

மலாயாவில், கோத்தா திங்கியில் படகேறி அரை நாள் போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் அங்கே ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி திட்டுவதற்கென்று நியமிக்கப்பட்டவன். ஆசுபத்திரி என்றால் ஆறு கட்டில், ஒரு வராந்தா, ஒரு டிரெசர். தலைவலி என்று போனால் தலையில் கட்டு. வயிற்றுவலி என்று போனால் வயிற்றில் கட்டு. காற்றில் முறிந்த பப்பாளி மரத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது காய்த்தது. அவருடைய குடையில் நான்கு கம்பிகளுக்குக் கட்டு. மழையில் அவர் வருவதைப் பார்த்தால் யார் யாரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்வது கடினம்.

விடிகாலையில் பேர் பதியும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்புக் கொயினா மருந்து கொடுப்பதும் அவர் வேலை. சிலர் அதை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்புவார்கள். ஆகவே, மருந்தை விழுங்கியவன் “முனியாண்டி!” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சட்டம் போட்டார். புதிதாக வருகிறவர்கள் எங்கள் தோட்டத்தின் பக்தியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு முனியாண்டி சொல்லியும் பால்மரம் வெட்டுகிற வேலுவைக் காய்ச்சல் சாய்த்துவிட்டது. பிழைப்பானா என்றே சந்தேகம். அவன் பெண்சாதி அஞ்சலை நேர்ந்துகொண்டாள்: புருஷன் எழுந்துவிட்டால், வீட்டில் அடை கிடக்கும் கோழி பொரிக்கிற முதல் குஞ்சை வளர்த்து ஆடிப் பூசையில் முனியாண்டிக்குப் பலி கொடுப்பது. வேலு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அதே வாரம் பதினோரு முட்டையில் பத்தை உடும்பு தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒன்று பொரிந்தது. ஆனால் அந்தக் குஞ்சுக்கு நிற்க வரவில்லை. இரண்டு காலும் பக்கத்துக்கொன்றாக அகன்று, வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தது.

ஊனமுள்ளதைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது. நேர்ந்ததைக் கொடுக்காமலும் இருக்கக் கூடாது. அஞ்சலை குஞ்சை முந்தானையில் ஏந்திக்கொண்டு அழுதபடி ஆசுபத்திரிக்கு வந்தபோது நான் அங்கே நோயாளி லிஸ்ட் வாங்க நின்றிருந்தேன்.

“ஐயா, இது செத்துட்டா அவரு மறுபடியும் படுத்துருவாரு ஐயா!”

டிரெசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குஞ்சைப் புரட்டிப் பார்த்தார். “எதுலம்மா அடை வெச்ச?”

“மண்ணெண்ணெ தகரத்த நெடுக்க வெட்டி, அதுலங்க. எல போட்டேன், கோழி கெளறித் தள்ளிருச்சு.”

“அதான். பொறந்த அன்னிக்கே வழவழன்னு தகரத்துல நடக்கச் சொன்னா, தொரகூட விழுந்துதான் கெடப்பாரு. அட்மிட்!”

கட்டுத்துணியில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்தார். இரண்டு காலையும் சேர்த்து, இயல்பாக நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, எட்டுப் போலச் சுற்றினார். ரப்பர்ப் பால் பிடிக்க மரத்தில் வைக்கிற மங்கு ஒன்றைக் கழுவி, அதில் பஞ்சு திணித்து, குஞ்சை உள்ளே நிறுத்தினார். மங்கின் சுவர் இரு பக்கமும் தாங்கியதால் கால் விலக இடமில்லை. மங்கு ஆறாம் நம்பர் கட்டிலின் நட்டநடுவே வைக்கப்பட்டது. ஐந்தாம் நம்பரில், இன்னும் தேறிக்கொண்டிருந்த வேலு.

“ஐயா, எனக்கு நூத்தி நாலு டிகிரி காஞ்சப்ப நீங்க இத்தன தடவ வந்து பாக்கலியே?” என்றான் வேலு, மறுநாளே.

“நீ மனுசன், வேணும்னா கூப்பிடுவ. அது கூப்பிடுமா?”

குஞ்சு நேரம் பார்த்துக் கீச்சென்றது. “இந்தா, வந்துட்டேன்!” என்று ஓடினார், சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீரோடு.

நான்காம் நாள் வராந்தாவில் சாக்கை விரித்து நடைப் பயிற்சி. டிரெசர் குந்தியபடியே பின்னால் நகர்ந்துகொண்டு நொய்யைக் காட்டி அழைக்க, அத்தனை நோயாளிகளும் போர்வையோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மூன்று தடவை குஞ்சு மூக்குக் குப்புற விழுந்தது. நான்காம் தடவை தத்தித் தத்தி ஐந்து எட்டு வைத்து, டிரெசரின் கால் கட்டைவிரலைக் கொத்தியது. அவர் போட்ட கூச்சலில் பெரிய கிராணி ஆபீசில் மையைக் கொட்டிவிட்டார். திட்டு எனக்குத்தான்.

ஒரு வாரத்தில் கால் நேரானது. டிரெசர் மட்டும் அதை டிஸ்சார்ஜ் செய்யவில்லை. “சிகிச்ச முடியல” என்று சொல்லி, இரண்டு காலுக்கும் காலுறை மாதிரித் தனித்தனிக் கட்டுப் போட்டார். வளர வளரக் கட்டும் வளர்ந்தது. குஞ்சு சேவலாகி, ‘பேஷண்ட்’ என்ற பெயரும் பெற்று, காலையில் அவருக்குப் பின்னாலேயே பெரட்டுக்கு வந்து ஆட்களை மேற்பார்வை பார்த்தது. உடும்புத் தொல்லை இல்லாமல் வளர்கிறதே என்று அஞ்சலைக்கும் நிம்மதி.

ஒரு சிகிச்சைதான் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் ஒரு மங்குத் தண்ணீரைச் சேவலின் தலையில் ஊற்றுவார். ஆரம்பத்தில் அது சிலிர்த்து எங்கள் மேலெல்லாம் தெளிக்கும். மறுபடி ஊற்றுவார். அசையாமல் நின்றால் ஒரு பிடி அரிசி. ஆனி மாதத்துக்குள் அது நட்ட கல்லாகிவிட்டது. தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது.

“கால்ல வியாதிக்குத் தலையில ஏங்க தண்ணி?”

“நரம்பெல்லாம் தலையிலதான்யா ஆரம்பிக்குது. நீ லிஸ்ட்ட எழுது.”

ஆடிப் பூசை வந்தது. ஆட்களை வேலை வாங்குவதோடு பூசாரி வேலையும் பார்க்கும் மண்டோர் சேவலின் கட்டை அவிழ்த்து, காலை நீவிப் பார்த்து, “ஊனமில்ல” என்றார். பாராங் கத்தி தீட்டி வைத்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பலியின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. சிலிர்க்காததை வெட்டக் கூடாது.

மண்டோர் ஊற்றினார். பேஷண்ட் அசையவில்லை. மறுபடி ஊற்றினார். அரிசி எங்கே என்று பார்ப்பதுபோல் கண்ணை மட்டும் உருட்டியது. பக்கத்தில் நின்ற டிரெசர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது சொம்பு காலியாகிற வரை விடவில்லை. துணியில்லாமல் அவர் போட்ட கட்டு அது ஒன்றுதான்.

“அலமாக்! சாமி வேணாங்குதே!” என்றார் மண்டோர்.

அஞ்சலையின் முகம் வெளுத்துவிட்டது. “என்ன குத்தம் செஞ்சேன்? அவருக்கு மறுபடி வந்துருமா?”

டிரெசர் என் கையை விட்டுவிட்டு அவளிடம் போனார். “அழாதம்மா. ஒம் புருசன் இங்க நடந்து வந்தானா? இந்தச் சேவலு நடந்து வந்துச்சா? ரெண்டு பேரையும் நடக்க வெச்ச சாமி, ஒண்ண மட்டும் வெட்டச் சொல்லுமா? தேங்காய ஒட, சுருட்ட வையி. வேலுவுக்குத் தும்மல் வந்தாக்கூட நான் பொறுப்பு.”

மண்டோர் யோசித்துத் தலையாட்டினார். சாமி சேவலாக விட்டுவிட வேண்டியதுதான். யார் வளர்ப்பது என்ற கேள்வி வந்தபோது, அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். “வேற யாரு? டிரெசர் ஐயாதான்.”

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: “ஏங்க, சாமியையே ஏமாத்தலாமா?”

பேஷண்டை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்தார். “நான் கட்டுப் போட்ட காலுய்யா. அத எப்படிய்யா கொழம்புல பாக்கறது?”

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல். படகுத் துறைக்கு இருவரும் வந்தார்கள், ஒருவர் இன்னொருவரின் கக்கத்தில். என் டிரங்குப் பெட்டியின் கைப்பிடி உடைந்திருப்பதைப் பார்த்ததும் டிரெசரின் கண் மின்னியது. படகு காத்திருக்க, துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டுத் தந்தார். அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு. புதுக் கைப்பிடி போடச் சொல்லி வீட்டில் சண்டைகூட வந்தது. அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.