ஏழு கிலோவுக்குள் ஒரு கேமரா

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை.

அய்யா உண்டு.

மஸ்கட் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்புத் தம்பி பொன்னுலிங்கத்துக்கு, அண்ணன் முத்துநாயகம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் மைனி தாணம்மாளும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அய்யாவை வேண்டுகிறோம். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, செவ்வாழை குலை தள்ளியிருக்கிறது. மற்றதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய், மீதியைச் சொல்ல எனக்கு மனம் வராது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் கடிதம் எழுதுவதில் தப்பும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் லடாக்குக்கு டிக்கெட் போட்டது உனக்குத் தெரியும். டிக்கெட் வந்த அன்றே நான் கேமரா பையைத் தட்டித் துடைத்து நடுவீட்டில் வைத்தேன். உன் மைனி புளி கரைத்த கையோடு அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். “இந்த மூட்டை வந்தா நான் வரல்ல” என்றாள். “மதுரையில கோபுரத்துக்கிட்ட நிறுத்துனிய, தஞ்சாவூர்ல நந்திக்கிட்ட நிறுத்துனிய. வீட்டுல இருக்க படத்துல எல்லாம் நான் ஒரு எறும்பு. கோபுரம் எம்புட்டு உயரம்னு காட்ட ஒரு ஆளு வேணும், அதுக்காக்கும் என்னையக் கூட்டிட்டுப் போறிய.” ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். மெய்தான். தஞ்சாவூர்ப் படத்தில் அவளைக் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கோபத்தில் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன் தம்பி. அவள் நிதானமாகச் சொன்னாள். கட்டிக்கொண்ட நாள்முதல் என்னோடு எங்கேயும் வரமாட்டேன் என்று அவள் சொன்னதே இல்லை.

போதாததற்கு விமானத்தில் கையில் ஏழு கிலோதான் கொண்டுபோகலாமாம். முக்குக்கடை சகாயம் வாழைக்குலை நிறுக்கும் தராசில் பையைத் தூக்கி வைத்தேன். இரண்டு கேமரா, நாலு லென்ஸ், மூன்றுகால் ஸ்டாண்டு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து முள் ஒன்பதைத் தாண்டி நின்றது. “துணி ஒண்ணும் வைக்கல்லியா அண்ணாச்சி?” என்றான். வைக்கவில்லை என்றேன். “அப்போ அந்தக் குளிருல கேமராவையாக்கும் உடுக்கப் போறிய” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வெங்காயம் நிறுக்கப் போய்விட்டான்.

ஆகவே நீ சொன்னபடி மகேஷ்குமாரின் ஸ்டுடியோவுக்குப் போய், சின்னதாக ஒன்று காட்டச் சொன்னேன். “உள்ள படம் பிடிக்குற சென்சார் பெருசானா லென்ஸும் பெருசாவும் அண்ணாச்சி. சட்டைப் பையில போடணும்னா இருட்டுல படம் கொஞ்சம் புள்ளியடிக்கும், பொறுத்துக்கிடணும்” என்று சொல்லி ஒன்றை என் கையில் வைத்தான். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அமுக்கினேன், நத்தை தலை நீட்டுவதுபோல லென்ஸ் மெதுவாக வெளியே வந்தது. ஸ்டுடியோ மொட்டைமாடிக்குப் போய் வேளிமலையைப் பார்த்து ஜூம் இழுத்தேன். மலை என் மடிக்கு வந்துவிட்டது தம்பி. பாறை இடுக்கில் ஒரு ஆடு அசைபோடுவது தெரிந்தது, அது எங்கேயோ பார்த்து யோசிப்பதும் தெரிந்தது. பிறந்ததுமுதல் அந்த மலைக்குக் கீழே குடியிருக்கிறேன், அதன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். மகேஷ்குமார் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் கீழே இறங்கினேன். எடுத்துப் பழகிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று அவனும் கொடுத்துவிட்டான்.

மறுநாளே உன் மைனியைக் கூட்டிக்கொண்டு பேச்சிப்பாறை அணைக்குப் போனேன். பெரிய பை வீட்டில் இருந்ததை அவளே பார்த்தாள், முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா. நீள லென்ஸை மட்டும் துண்டில் சுருட்டிச் சோற்றுக்கூடைக்குள் ஒளித்துவிட்டேன். அணைக்கட்டுப் பக்கம் போய், முதலில் அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று சின்ன கேமராவைப் பாறைமேல் வைத்து, பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி திருப்பிவிட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றேன். எங்கள் இரண்டு பேருடைய முட்டிக்காலும் செருப்பும் மட்டும் அருமையாக விழுந்திருந்தன. பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். எரிப்பு கொஞ்சம் கூடுதல். “தண்ணி எங்க?” என்று கூடைக்குள் கையை விட்டாள். துண்டைப் பிரித்தாள். லென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “இதையா குடிக்க?” என்றாள்.

தண்ணீர்க் குப்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் லென்ஸை வைத்திருந்தேன். அவள் எழுந்து, தண்ணீர் கேட்கலாம் என்று கரையோரமாய் வீடுகள் இருக்கும் பக்கம் நடந்தாள். லடாக் போச்சு, இனி கோயிலுக்குக்கூட என்னோடு வரமாட்டாள் என்று எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். வளைவு திரும்பினதும் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி என் கையைப் பிடித்தாள்.

அக்கரைக் காட்டுக்குள்ளிருந்து யானைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்புகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீருக்குள் போய் மறைந்தன, துதிக்கை நுனிகள் மட்டும் மேலே மிதந்து வந்தன. கடைசியில் ஒரு குட்டி. அது கரையிலேயே நின்று காலை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தது. தண்ணீருக்குள் போன ஒரு யானை திரும்பி வந்து அதன் பக்கத்தில் நின்றது. அவசரப்படுத்தவே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த அணையை எத்தனை தடவை படம் பிடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படிச் சும்மா நின்றதில்லை. “பாத்தியளா, பயப்படுது, பிள்ளைக்கிப் பயம்” என்று மெதுவாகச் சொன்னாள் உன் மைனி. அப்போதுதான் நினைவு வந்து கேமராவை நீட்டி அமுக்கினேன். அது படம் எடுக்காமல் கீ கீ என்று எண்ணத் தொடங்கியது. பாறைமேல் வைத்தபோது பத்து விநாடிக்குத் திருப்பிவிட்டதை மாற்ற மறந்திருந்தேன். அதற்குள் குட்டி சேற்றில் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. இவள் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆச்சு, நான் கேமராவோடு அவள் பக்கம் திரும்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அது எண்ணி முடித்துப் படம் அடித்தது.

படத்தில் யானை ஒன்றுகூட விழவில்லை. படம் முழுக்க உன் மைனிதான். கண் ஓரத்தில் நீர், சிரிப்பில் வாய் நிறையப் பல். குட்டி இக்கரை ஏறிக் காட்டுக்குள் போகிறவரை நின்றுவிட்டு அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “மேல்பல்லு இப்பிடியா துருத்திட்டு இருக்கு” என்றாள். பிறகு, “அழிச்சிராதிய” என்றாள். வரும் வழியில் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியே வந்தாள்.

ஆகையால் தம்பி, முடிவு செய்துவிட்டேன். அந்தச் சோப்புக்கட்டிக் கேமரா போதும். அங்கே மஸ்கட்டில் அதே மாதிரி நல்லதாக ஒன்று வாங்கி, வரும்போது கொண்டுவா. பழைய பை பரண்மேல் ஏறட்டும். லடாக்கில் உன் மைனி எங்கே நிற்கச் சொல்கிறாளோ அங்கே நிற்பேன், எதைப் பார்க்கச் சொல்கிறாளோ அதைப் பார்ப்பேன். உன் மனைவிக்கும் மக்களுக்கும் எங்கள் அன்பைச் சொல். அய்யா உங்களை ஒரு குறையுமின்றி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு உன் அண்ணன்,
முத்துநாயகம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் மைனி கடிதத்தை வாங்கி வாசித்தாள். சின்ன கேமரா வேண்டாமாம். அந்தக் குட்டியின் கண்ணை எடுக்கணும், அதுக்கு இது எட்டாது என்கிறாள். காலையிலேயே மகேஷ்குமாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. என் நீள லென்ஸைவிட நீளமானது ஒன்று இருக்கிறதாம், நீ வரும்போது அதை வாங்கிவர வேண்டுமாம். லடாக்கில் யானை உண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். “பின்னே அங்க எதுக்காக்கும் போறோம்?” என்றாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வழி தெரிந்தால் உடனே எழுது.