பட்டாணி அக்காவின் பங்கேற்புக் குறைபாடு

தையல் வட்டத்திலிருந்து பட்டாணி அக்காவை நீக்கினார்கள். அவள் செய்த குற்றம், தைத்தது. ஆணையில் இதை இவ்வளவு பச்சையாக எழுத முடியாதல்லவா? அதனால் "உறுப்பினரின் வாய்மொழிப் பங்கேற்பு பூஜ்யம்" என்று எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை விதைக் கிடங்கின் பின்னறையில் வட்டம் கூடும். பதினான்கு பெண்கள், இரண்டு தையல் மெஷின், ஒரே ஒரு ஜன்னல். பட்டாணி வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடுவே வாரத்தில் அக்காவுக்கென்று வாய்த்தது அந்த இரண்டு மணி நேரம்தான். ஜன்னலோர மெஷின்முன் உட்கார்ந்துவிட்டால் "அம்மா, என் சட்டை எங்கே" என்று கேட்க ஆளில்லை. மற்ற பதின்மூன்று பேரும் துணியை மடியில் போட்டுக்கொண்டு பேசுவார்கள். பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்க, துணிகள் மடி மாறி மடி மாறி அக்காவிடம் வந்து சேரும். தள்ளிவிட்டதாக யாருக்கும் நினைவில்லை.

ஊரக மகளிர் கலந்துறவாடல் துறை என்று ஒன்று இருப்பதே, அதன் அலுவலர் ஃபைலோடு வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது. அப்போது எல்லாத் துறைகளுக்கும் 'பங்கேற்பு' என்ற காய்ச்சல். மண் பரிசோதனைக்கு வந்தவர்கூட மண்புழுவின் பங்கேற்பைக் குறித்துக்கொண்டு போயிருந்தார்.

"வட்டத்தில சேர்ந்ததால உங்க வாழ்க்கையில என்ன மாற்றம்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் ஒரே வீட்டுக்காரியும் வட்டத்தின் தலைவியுமான டிராக்டர் அண்ணி நாற்பது நிமிடம் பதில் சொன்னாள். பட்டாணி அக்காவின் முறை வந்தபோது அவள் உதடுகளுக்கிடையே ஐந்து குண்டூசிகள் இருந்தன. தலையணை உறையின் ஓரத்தைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"தலையாட்டறதுக்குப் படிவத்தில கட்டம் இல்லைம்மா."

"ம்."

"'ம்'முக்கும் இல்லை."

"அவ வாயில ஊசி இருக்கு சார்," என்றாள் அண்ணி.

"ஊசியை வாயில வெச்சுக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டாங்களா?"

"இல்லையே."

"அப்ப அது தன்னிச்சையான மௌனம்."

பத்தாம் நாள் ஆணை வந்தது. தைக்காதவளைத் தையல் வட்டத்திலிருந்து நீக்கினால் ஒரு நியாயம் உண்டு. தைப்பவளை நீக்க எந்தச் சட்டம் இடம் தருகிறது? கேட்கலாம்தான். கேட்பதற்கும் படிவம் இருந்தது. நீக்கப்பட்டவர் அதில் கையெழுத்துப் போட முடியாது. நீக்கப்படாதவருக்கு அது தேவைப்படாது.

அடுத்த மூன்று புதன்களில் வட்டத்தின் பங்கேற்பு நூற்றுக்கு நூறு. ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டிய நாற்பது தலையணை உறைகளில் முடிந்தது ஒன்றே ஒன்று. அதிலும் நாலு பக்கமும் தைத்திருந்தது.

"தலையணை எப்படி உள்ளே போகும்?" என்றார் அலுவலர்.

"பேசிக்கிட்டே தெச்சோம் சார்," என்றாள் அண்ணி பெருமையோடு.

ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு எழுதியது. மேலிடம் கீழே எழுதியது. முடிவில் கருணையோடு ஒரு வழி பிறந்தது: நீக்கப்பட்ட உறுப்பினர் வட்டத்தின்முன் பத்து நிமிடம் பேச வேண்டும், தலைப்பு அவர் விருப்பம். பேச்சைத் தட்டச்சு செய்து ஒரு பிரதி தலைமை அலுவலகத்துக்கு, இன்னொன்று கிடங்கு வாசலில் உள்ள அறிவிப்புப் பலகைக்கு.

சேதி சொல்ல அண்ணியே வயலுக்கு வந்தாள். "எதையாவது பேசிடுடி. நீ இல்லாம அந்த அறையே நல்லாயில்லே."

"அறையா, தலையணை உறையா?"

"ரெண்டும்தான், வாடி."

அக்காவுக்கு அந்த ஜன்னலோரம் வேண்டியிருந்தது. புதன்கிழமை வந்தாள். தட்டச்சர் விரல்களை நீட்டி மடக்கினார். அலுவலர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பதின்மூன்று பேரும் ஆசையாகக் காத்திருந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா. தெரிஞ்சதைச் சொன்னா போதும்," என்றார் அலுவலர்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"வெளியுலகம் எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பதினோரு வருஷமா இந்த அறையில காதுல விழுந்ததுதான் தெரியும். யார் யார் வராத அன்னைக்கு அவங்களைப் பத்தி யார் யார் என்ன பேசினாங்கன்னு ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. நீங்க வந்துட்டுப் போனதும் உங்களைப் பத்திப் பேசினது உட்பட. யாரோடதுல ஆரம்பிக்கட்டும்?"