பட்டையும் கட்டையும் மூன்று மாமாக்களும்

தலைவலி என்று மருந்துக்கடைக்குப் போனால் மாத்திரை வாங்கி, தைலமும் வாங்கி, இரண்டும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒன்றையும் கேட்கிற ரகம் நான். இந்தக் குணம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியாது. ஊருக்கு எப்போது தெரிந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், ஆவடியில், எங்கள் மாதா கோவில் திருவிழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஃபிட்டர் வேலை. (உலகத்தில் உள்ள நட்டும் போல்ட்டும் என்னைக் கேட்டுத்தான் சுற்றுகின்றன என்ற நினைப்பு.) கோவிலில் பாட்டுப் பாடும் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஒரே லட்சியம். ஸ்டெல்லாவுக்குச் சம்மதம். அவள் அப்பா ஆரோக்கியசாமி சார்தான் பாக்கி. திருவிழாக் கமிட்டித் தலைவர், நூற்றுப் பத்து கிலோ, சிரிக்க மாட்டார். பெண் கேட்டுப் போன என் அம்மாவிடம், "திருவிழா முடியட்டும்மா. ஒரு பொறுப்பக் குடுத்தா பையன் எப்படிச் செய்யிறான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தப் பொறுப்பு, தேர் வண்டி. சேக்காட்டில் இருந்த என் மாமாவின் பிக்கப்பில்தான் வருஷா வருஷம் மாதா தேரை ஏற்றுவோம். இன்ஜினை அணைத்துவிட்டு, கயிறு கட்டி ஜனங்களே இழுப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது செங்கல் சுமக்கிற வண்டி. போன வருஷம் தேக்குத் தேரின் பாரத்தில் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்து, சைலன்சர் தெருவெல்லாம் உரசி, ஜெபமாலைக்கு நடுவே கறகறவென்று ஒரே சத்தம்.

"இந்த வருஷம் ஒரசக் கூடாது தம்பி. அவ்வளவுதான்" என்றார் சார்.

வண்டியைப் பூந்தமல்லியில் பாஷா பாய் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பின் அச்சின் மேல் அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைகள்தான் வண்டியின் சுமையைத் தாங்குபவை.

"பட்டையெல்லாம் படுத்துகினு கீது நைனா. மூணு வழி கீது. பட்டையக் கழட்டி, காய்ச்சி, அடிச்சு வளைச்சுத் தரலாம், பின்பக்கம் ரெண்டு வெரல் ஏறும். இல்ல, புதுசா ஒரு பட்ட சேத்து அடுக்கலாம். இல்லாங்காட்டி, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்ட வெச்சு முடுக்கலாம். உனுக்கு மொத வழியே போதும்."

"மூணும் பண்ணிடுங்க பாய்."

வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்தார். "இன்னாது?"

"மூணும்."

"இது இன்னா சாப்பாடா அண்ணாத்தே, கொழம்பு, ரசம், மோருன்னு வரிசையா ஊத்த? வண்டி மூஞ்சால தரைய மோந்துகினு போவும்."

"தேர் பாரம் உங்களுக்குத் தெரியாது பாய். ஏத்தினா சரியா உக்காந்துடும்."

பாய் பீடியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அடித்து, அடுக்கி, கட்டையும் வைத்துக் கொடுத்தார். வெறும் வண்டி, கொட்ட வருகிற தேள் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. வழியில் சிரித்த அத்தனை பேரிடமும், லோடு ஏறினால் சரியாகிவிடும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே ஆவடி வந்து சேர்ந்தேன்.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்தக் கறகற சத்தம் சாரையும் தூங்கவிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் தேக்குத் தேரை ஒதுக்கிவிட்டு, மெல்லிய பிளைவுட்டிலும் தெர்மோகோலிலும் புதுத் தேர் செய்ய வைத்திருக்கிறார். திருவிழா அன்று இரண்டு பேர் அதை ஊஞ்சல் பலகை மாதிரி அலேக்காகத் தூக்கி வந்தார்கள்.

"பாரத்தக் கொறைச்சுட்டேன் தம்பி. இனிமே எங்க ஒரசும்?" என்று என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். நான் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

தேரை ஏற்றினோம். வண்டி ஒரு நூல்கூட இறங்கவில்லை. மாதா சொரூபம் முன்பக்கம் சாய்ந்து, தெருவில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல நின்றது. "நம்மளக் குனிஞ்சு பாக்குறா தாயி" என்று ஓர் அம்மா முழங்காலில் விழுந்துவிட்டார். ஆப்பு வைத்து நிமிர்த்தலாம் என்று பார்த்தால் தெர்மோகோல் நொறுங்குகிறது. ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரின் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

"என்னப்பா பண்ணி வெச்ச?"

சொன்னேன், மூன்று வழியையும். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "பின்னாடி யாராச்சும் வெயிட்டா உக்காந்தா சரியாயிடும் சார்" என்றும் சொன்னேன்.

கூட்டத்தின் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

சார் வண்டியின் பின்னால் ஏறினார். வண்டி கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. தன் தம்பிகள் இருவரையும் பார்த்தார். (குடும்பமே ஒரே வாகு.) மூன்று பேரும் பட்டுச் சட்டையோடு தேருக்குப் பின்னால் காலைத் தொங்கப்போட்டு வரிசையாக உட்கார்ந்த பிறகுதான் மாதா நிமிர்ந்தார்.

எங்கள் ஊரில் தேர் வரும்போது வேண்டுதல்காரர்கள் உப்பும் மிளகும் அள்ளி வீசுவார்கள். அன்று பாதி மாதாவுக்குப் போனது, மீதி பின்னால் உட்கார்ந்திருந்த என் வருங்கால மாமாக்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. கழுத்தில் மாலை விழுந்தது. ஒரு தெருமுனையில் யாரோ கைக்குழந்தையை நீட்ட, சார் வேறு வழியில்லாமல் அதன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஸ்டெல்லா கிடைக்கமாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோவில் வாசலில் சார் இறங்கினார். சட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மிளகை உதறினார். என் பக்கம் திரும்பினார்.

"ஒரசல" என்றார். பிறகு, "கட்டையையும் புதுப் பட்டையையும் கழட்டிட்டு, ரெண்டு வெரல் மட்டும் ஏத்திக்கிட்டு வா. அப்பறம் அம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் எதற்காவது இரண்டாவது வைத்தியம் தேடினால் போதும், "அடிக்கவா, பட்டையா, கட்டையா? ஒண்ணு சொல்லுங்க" என்பாள் ஸ்டெல்லா. பிள்ளைகளும் அதையே கற்றுக்கொண்டார்கள்.

மாமனாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. உடம்பு பாதியாகிவிட்டது. போன மாதம் படுக்கையில் மூச்சு வாங்குகிறது என்றார். தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். அதன் மேல் இன்னொன்று வைத்தேன். போர்வையை மடித்து அதற்கும் அடியில் செருகப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு போதும் மாப்ள. பின்னாடி ஏறி உக்கார இப்ப என்கிட்ட வெயிட் இல்ல."